ஏழு குல்ச்சாக்களும் பத்து அரசர்களும்

பிழைப்பை நாடித் தமிழகத்தினின்றும் இம்மாநகருக்கு வந்து, சிக்கந்தராபாத்திலும் பத்மராவ் நகரிலும் மாரேட்பள்ளியிலும் தார்நாக்காவிலும் வேரூன்றிய நம் குடும்பங்கள், ஐதராபாத்தின் மொழியைக் கற்கு முன்னரே அதன் கதைகளைக் கற்றுவிடுகின்றன. அக்கதைகளுள் எண்ணைக் கொண்டு கட்டப்பட்டவை மிகுதி. ஏழு ரொட்டி, ஏழு கல்லறை, நான்கு மினார், ஆயிரமாவது ஆண்டு, பன்னிரண்டாண்டுச் சிறை, செப்டம்பர் மாதத்து அழிவுகள் என அவை விரிந்துகொண்டே போகும். நம் பிள்ளைகள் அவற்றைப் பள்ளியில் கேட்டு வந்து வீட்டில் சொல்கின்றனர். நாமும் ஊரினின்று வரும் உறவினர்க்கு அவற்றையே சொல்லிக் காட்டுகின்றோம். அவற்றுள் எது கணக்கு, எது கற்பனை என்று சற்று நின்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எண்ணிப் பார்த்தல் என்பதை ஈண்டு அதன் நேர்ப்பொருளிலேயே கொள்க.

முதலில் குல்ச்சாவின் கதை. ஆசப் ஜாகி மரபின் முதல்வரான மீர் கமருத்தீன் கான், பின்னாளில் நிஜாம்-உல்-முல்க் என்றும் ஆசப் ஜா என்றும் பட்டங்கள் பெற்றவர். அவர் தம் ஏற்றத்துக்கு முன் ஒரு நாள், சூபி ஞானியான நிஜாமுத்தீன் அவுரங்காபாதி என்பாரைக் காணச் சென்றார், பசித்திருந்தார். ஞானியார் மஞ்சள் துணியில் பொதிந்திருந்த குல்ச்சா என்னும் வட்ட ரொட்டிகளை அவர் முன் வைத்து, வேண்டுமட்டும் உண்ணச் சொன்னார். வந்தவர் ஏழு உண்டார். எட்டாவதை உண்ண இயலவில்லை. அது கண்ட ஞானியார், அவர் வழியினர் ஏழு தலைமுறை அரசாள்வர் என்று வாழ்த்தினார். நிஜாம் அரசின் மஞ்சள் கொடியும் அதன் நடுவில் இருந்த வெண்வட்டமும் அத்துணியையும் அந்த ரொட்டியையும் நினைவூட்டுவன என்பர். ஏழாம் நிஜாமாகிய மீர் உஸ்மான் அலிகானோடு 1948-இல் அவ்வரசு முடிவுற்றது. வாழ்த்துப் பலித்தது என்று சொல்லி, கதையைக் கூறுவோர் அங்கே நிறுத்திக்கொள்வர்.

இக்கதையைத் தில்லியில் அடக்கமாகியுள்ள நிஜாமுத்தீன் அவுலியாவின் பெயரால் சொல்வோரும் உளர். அப்பெரியார் 1325-இல் மறைந்தவர். முதல் நிஜாம் தக்காணத்தைத் தம் கைக்குள் கொண்டுவந்த சகர்கேடாப் போர் நிகழ்ந்ததோ 1724-இல். நானூறாண்டு இடைவெளியைத் தாண்டி ஒருவர் மற்றவர்க்கு ரொட்டி அளித்திருத்தல் ஒண்ணாது. பெயரொற்றுமையால் நேர்ந்த மயக்கம் இது. எனினும் இத்தகைய மயக்கம் ஒன்றைக் கவனித்தல் நன்று. கதை வாய்மாறிச் செல்கையில் ஊர் மாறும், ஞானியார் மாறுவார், வேட்டையா வழிபாடா என்பதுங்கூட மாறும். ஏழு என்னும் எண் மட்டும் மாறுவதில்லை.

இனி அரசர்களை எண்ணுவோம். முதல் நிஜாம் 1748-இல் புர்கான்பூரில் காலமானார். அடுத்து அரியணை ஏறியவர் அவர் மகன் நாசிர் ஜங், இரண்டாண்டு. அவர்க்குப் பின் மகள் வயிற்றுப் பேரன் முசாபர் ஜங்; சில வாரங்களே. அவர்க்குப் பின் மற்றொரு மகன் சலாபத் ஜங். 1751 முதல் 1762 வரை பதினோராண்டு. அவரை நீக்கிவிட்டு அமர்ந்த தம்பி நிஜாம் அலிகானையே வரலாறு 'இரண்டாம் நிஜாம்' என்கிறது. அவர் 1803 வரை ஆண்டார். சிக்கந்தர் ஜா 1829 வரை, நாசிருத்தௌலா 1857 வரை, அப்சலுத்தௌலா 1869 வரை, மகபூப் அலிகான் 1911 வரை, அவர் மைந்தர் உஸ்மான் அலிகான் 1948 வரை. விரல்விட்டு எண்ணின் பதின்மர் ஆகின்றனர். எழுவர் எங்கே? நடுவிலிருந்த மூவரைக் கழித்தாலன்றி ஏழு வாராது.

கழிக்கப்பட்ட அம்மூவர் வரலாறும் பெரும்பகுதி நம் தமிழ் மண்ணிலேயே தீர்மானிக்கப்பட்டது என்பதை ஐதராபாத்துத் தமிழர் பலரும் எண்ணிப் பார்த்திரார். முதல் நிஜாமே 1743-இல் பெரும்படையோடு ஆர்க்காட்டுக்கு வந்து, மராட்டியத் தலைவர் முராரி ராவிடமிருந்து திருச்சிராப்பள்ளியைப் பெற்று, கருநாடகத்துக்கு அன்வருத்தீனைப் பொறுப்பாக்கிச் சென்றவர். அவர் கண்மூடியதும் ஐதராபாத்து அரியணைப் போட்டியும் ஆர்க்காட்டு நவாபுப் போட்டியும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. ஆங்கிலேயர் ஒரு பக்கம், பிரெஞ்சுக்காரர் மறு பக்கம். நாசிர் ஜங் படைதிரட்டித் தெற்கே வந்தார். மருமகன் முசாபர் ஜங்கைச் சிறைப்படுத்தினார். 1750-ஆம் ஆண்டு டிசம்பரில் செஞ்சிக்கு அருகே, பிரெஞ்சுப் படை பாசறையைத் தாக்கிய குழப்பத்தில், தம்முடன் வந்திருந்த கடப்பை நவாபின் கையாலேயே குண்டடிபட்டு யானை மீது உயிர்நீத்தார். சிறையில் இருந்தவர் அன்றே அரசரானார். புதுச்சேரியில் அவர்க்கு நடந்த பட்டாபிடேக விழாவில் துய்ப்ளே முகலாயப் பிரபுவைப் போல் உடையணிந்து வீற்றிருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்த புதுச்சேரி அது. அங்கிருந்து புஸ்ஸி என்னும் தளபதியின் காவலில் ஐதராபாத்து நோக்கிப் புறப்பட்ட முசாபர் ஜங் ஊர் வந்து சேரவேயில்லை. 1751 பிப்ரவரியில், கடப்பைச் சீமையில், தம்மோடு வந்த பட்டாணிய நவாபுகளோடு மூண்ட சண்டையில் மாண்டார். உடன் வந்த சிறைக்கூட்டத்திலிருந்து சலாபத் ஜங்கை வெளிக்கொணர்ந்து, புஸ்ஸி அங்கேயே அரசராக்கினார்.

தில்லிப் பேரரசரின் ஆணையோடு உரிமை கொண்டாடி வந்த மூத்த மகன் காசியுத்தீன், 1752-இல் அவுரங்காபாத்தில் நஞ்சூட்டப்பட்டு மாண்டார் என்பர். அவரையும் கூட்டுவோர்க்குக் கணக்குப் பதினொன்றாகும்! சலாபத் ஜங்கோ சில வாரங்கள் வந்துபோனவர் அல்லர். பிரெஞ்சுக்காரர்க்கு வடசர்க்கார் மாவட்டங்களை அளித்தவர். நாணயமும் ஆணையும் தம் பெயரால் செல்லப் பதினோராண்டு ஆண்டவர். 1762-இல் தம்பியால் பீதர்க் கோட்டையில் அடைக்கப்பட்டு, மறு ஆண்டே அங்கு இறந்தார். அத்தகைய ஒருவரை வரிசையினின்று நீக்க வலுவான காரணம் வேண்டுமன்றோ? ஆசப் ஜா என்னும் பட்டம் முகலாயப் பேரரசரால் அம்மூவர்க்கும் வழங்கப்படவில்லை என்பதே சொல்லப்படும் காரணம். பட்டம் பெற்றவர்களை மட்டும் எண்ணுவது ஒரு முறை, அதில் பிழையில்லை. ஆயின் அம்முறையை வகுத்துக்கொண்டு எண்ணினால்தான் ஏழு கிடைக்கும் என்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும்.

இவ்விடத்தில் கதைக்கு நாம் ஓர் உரிமை அளித்தல் முறையாகும். ஞானியார் அரசர் எழுவர் என்றாரல்லர். தலைமுறை ஏழு என்றார் எனின், கணக்கு வேறாகிறது. நிஜாம் அலிகான் முதல் நிஜாமின் மகன். சிக்கந்தர் ஜா அவர் மகன். நாசிருத்தௌலா, அப்சலுத்தௌலா, மகபூப் அலிகான், உஸ்மான் அலிகான் என்று தந்தைக்குப் பின் மைந்தனாக மரபு இடையறாது சென்றது. நாசிர் ஜங்கும் சலாபத் ஜங்கும் இரண்டாம் தலைமுறைக்குள் அடங்குவர். முசாபர் ஜங் மகள் வழி வந்தவர். ஆகவே அரசர் பதின்மராயினும் தலைமுறை சரியாக ஏழே. இது வியப்பைத் தருவதுதான், மறுப்பதற்கில்லை. எனினும் ஒரு கதை மூன்றாம் தலைமுறையின் அவையில் சொல்லப்பட்டதா, ஏழாம் தலைமுறையின் முடிவுக்குப் பின் செப்பமாக்கப்பட்டதா என்பதைப் பொறுத்தே அவ்வியப்பின் அளவு அமையும். ஆளும் அரசர்முன், உம் பேரனோடு ஆட்சி முடியும் என்று பாடிப் பரிசில் பெறுவார் யார்? முடிவைக் கண்டபின் சொல்லும்போதுதான் இக்கதை முழுச் சுவையும் பெறுகிறது. மேலும் முடிவு என்பதுதான் எது? 1948-க்குப் பின்னும் உஸ்மான் அலிகான் 1950 முதல் 1956 வரை ராஜப்பிரமுகராக இருந்தார். 1967-இல் அவர் மறைந்ததும் பேரர் முக்கரம் ஜா பட்டத்துக்குரியவராக ஏற்கப்பட்டார். மன்னர் மானியமும் சிறப்புரிமையும் 1971-இல் ஒழிக்கப்பட்டன. 2023 ஜனவரியில் இஸ்தான்புல்லில் காலமாகி, மக்கா மசூதியில் அடக்கம் செய்யப்பட்ட அவரைச் செய்தித்தாள்கள் 'எட்டாவது நிஜாம்' என்றே எழுதின.

நிஜாம்களுக்கு முன் கோல்கொண்டாவை ஆண்ட குதுப்ஷாகி அரசர்களிடத்தும் இதே ஏழு வந்து நிற்கிறது. கோட்டைக்கு வடக்கே அவர்தம் அடக்கத்தலங்கள் உள்ள இடத்தை ஊரார் 'ஏழு கல்லறைகள்' என்றே வழங்குகின்றனர். அங்குச் சென்று சுற்றி வந்தவர் அறிவர். கட்டடங்கள் பல, ஏழோடு நிற்பனவல்ல. அரசரும் எழுவரா எனின், சுல்தான் குலி, ஜம்ஷீத், சுபான், இப்ராகிம், முகம்மது குலி, முகம்மது, அப்துல்லா, அபுல் ஹசன் தானா ஷா என்று எண்மர். 1550-இல் சில மாதங்களே பெயரளவில் அரசிருந்த சிறுவன் சுபானை விட்டுவிட்டு, அரசர் எழுவர் எனச் சிலர் எழுதுகின்றனர். அச்சிறுவனைச் சேர்த்து, அங்கே அடக்கமாகாத தானா ஷாவை விட்டாலும் எழுவரே. எந்தப் பக்கம் கழித்தாலும் ஏழு வருகிறது. கழிக்காமல் மட்டும் வருவதில்லை.

ரோமாபுரியின் பழங்கதையிலும் அரசர் எழுவர். ராமுலசு நகரை நிறுவிய கி.மு. 753 முதல், கடைசி அரசன் துரத்தப்பட்ட கி.மு. 509 வரை 244 ஆண்டுகளை அவ்வெழுவர்க்கும் பங்கிட்டுள்ளனர். ஒருவர்க்கு ஏறத்தாழ 35 ஆண்டு. புவியீர்ப்பைக் கண்ட ஐசக் நியூட்டன் முதுமையில் பண்டைக் காலக் கணக்குகளை ஆராய்ந்து எழுதிய நூலில், அரசர்களின் சராசரி ஆட்சிக்காலம் 18 முதல் 20 ஆண்டுகளே இருக்கும் என்றும், இத்தகைய நீண்ட கணக்குகள் நம்பத்தக்கன அல்ல என்றும் வாதிட்டார். அந்த அளவுகோலை நம் ஊருக்கு வைத்துப் பார்ப்போம். 1724 முதல் 1948 வரை 224 ஆண்டு. எழுவர் என்றால் ஒருவர்க்கு 32. பதின்மர் என்றால் 22 ஆண்டுக்குச் சற்று மேல். குதுப்ஷாகிகளின் 1518 முதல் 1687 வரையிலான 169 ஆண்டுகளை எண்மர்க்குப் பங்கிட்டால் 21. விடுபட்டவர்களைச் சேர்த்தவுடன் இரு மரபுகளும் நியூட்டனின் கணக்கை நெருங்கிவருதல் காண்க. ஏதேனும் ஒரு வரிசையில் சராசரி ஆட்சி மிக நீண்டு தோன்றினால், இடையில் யாரோ மறைக்கப்பட்டனர் என ஐயுறுவதற்கு இது நல்ல வழி.

ஏழைப் போற்றுவதில் தமிழரும் யார்க்கும் பின்வாங்கியவர் அல்லர். ஏழு கடல், ஏழு பிறப்பு, ஏழு தலைமுறை என்பன நம் அன்றாடப் பேச்சு. வள்ளல்களையும் முதலெழுவர், இடையெழுவர், கடையெழுவர் என்று மூன்று ஏழாக வகுத்தோம். பாரி, ஓரி, காரி, பேகன், ஆய், அதியமான், நள்ளி ஆகிய எழுவரும் சிறுபாணாற்றுப்படையில் நிரலாகப் போற்றப்படுகின்றனர். அந்நூலின் பாட்டுடைத் தலைவனான நல்லியக்கோடனோ அவர்கட்குப் பின் வந்த எட்டாமவன். புறநானூற்றில் பெருஞ்சித்திரனாரும் எழுவரையும் பாடிவிட்டே குமணனிடம் பரிசில் வேண்டுகிறார். தலையையே கொடுக்க முன்வந்தவன் எனப் பெயர்பெற்ற குமணனும் ஏழுக்குள் இடம்பெறவில்லை. எண் நிரம்பிவிட்டால் கதவு அடைபட்டுவிடும் போலும்!

இனிச் சார்மினாருக்கு வருவோம். 1591-இல் முகம்மது குலி குதுப்ஷா எழுப்பிய இக்கட்டடத்தின் நான்கு தூண்கோபுரங்கள் முதல் நான்கு கலீபாக்களைக் குறிப்பன என்று சொல்லக் கேட்கிறோம். கட்டியவரோ ஷியா நெறியினர். அந்நெறியினர் நால்வரையும் ஒருங்கே அவ்வாறு போற்றுதல் வழக்கமன்று. ஆகவே அவ்விளக்கம் பொருந்துவதாகத் தோன்றவில்லை. கொள்ளைநோய் நீங்கியதற்கு நன்றியாகக் கட்டியது என்பதும் பரவலான கதை. ஆராய்ச்சியாளர் பலர் இப்போது சுட்டுவது வேறோர் எண்ணை. ஹிஜ்ரி ஆயிரமாவது ஆண்டு பிறந்தது 1591 அக்டோபரில்தான். அந்த ஆயிரத்தை அன்றைய உலகம் பெரிதும் எதிர்நோக்கியிருந்தது. வடக்கே அக்பர் ஆயிரமாண்டு வரலாறு என்னும் பொருள்படத் 'தாரீக்-இ-அல்பி'யை எழுதுவித்தார். ஆயிரம் எனப் பொறித்த நாணயமும் வெளியிட்டார். தக்காணத்து அரசர் அதே ஆயிரத்துக்கு ஒரு நகரையே கண்டார் எனலாம்.

அரபு எழுத்துக்கள் ஒவ்வொன்றுக்கும் எண்மதிப்பு உண்டு. அதனை அப்ஜத் என்பர். ஒரு நிகழ்ச்சியின் ஆண்டை எண்ணால் எழுதாது, கூட்டினால் அவ்வாண்டு வரும்படியான சொற்றொடரால் குறிப்பது பாரசீகப் புலவர்க்குப் பெருமை. சார்மினாருக்குச் சொல்லப்படும் தொடர் 'யா ஹாபிஸ்', அதாவது காப்பவனே என்பது. யே 10, அலிப் 1, ஹே 8, மீண்டும் அலிப் 1, பே 80, ஸோய் 900. கூட்டுக, 1000 வரும். நகருக்கு வழங்கிய 'பர்குந்தா புனியாத்' (நற்கால்கோள்) என்னும் சிறப்புப் பெயரைக் கூட்டினால் 1006 வருகிறது. இது மந்திரமன்று, புலவர் வேண்டுமென்றே அமைத்த கணக்கு. நம் தென்னாட்டிலும் இதற்கு உடன்பிறப்பு உண்டு. மலையாள நாட்டு மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி தம் நாராயணீயத்தை 'ஆயுராரோக்ய சௌக்யம்' என்று முடித்தார். கடபயாதி முறையில் அத்தொடர் 17,12,210 என்னும் கலி நாளைத் தரும். அது 1586-ஆம் ஆண்டின் கடைசித் திங்களில் விழுகிறது. குருவாயூரில் ஒருவரும் ஐதராபாத்தில் ஒருவரும், ஐந்தாண்டு இடைவெளியில், எழுத்துக்குள் நாளைப் பூட்டி வைத்திருக்கின்றனர். இத்தகைய எண்களை ஐயுற வேண்டுவதில்லை. படிக்கத் தெரிந்தால் போதும்.

பத்ராசல ராமதாசரின் பன்னிரண்டாண்டுச் சிறையை வேறு வகையில் சேர்த்தல் வேண்டும். கோயிலுக்கு ஆறு லட்சம் அரசுப்பணத்தைச் செலவிட்டதற்காக கோல்கொண்டாவில் அடைக்கப்பட்டார் என்றும், இராம இலக்குவர் வந்து அப்பணத்தைத் தானா ஷாவிடம் செலுத்தி மீட்டனர் என்றும் கதை. அச்சிறையறையைக் காட்டாது கோட்டையைச் சுற்றிக் காட்டுவாரில்லை. முற்பிறப்பில் கிளியொன்றைப் பன்னிரண்டு ஆண்டு கூண்டில் அடைத்ததன் வினைப்பயன் அது என்பர். பன்னிரண்டு என்பது இந்நாட்டார் உள்ளத்தில் ஊறியதற்குக் காரணம் வானத்திலேயே உள்ளது. வியாழன் ஒருமுறை சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டு பிடிக்கும். கோதாவரிப் புஷ்கரமும் குடந்தை மகாமகமும் அச்சுற்றைக் கொண்டே வருகின்றன. ஆகவே 'பன்னிரண்டாண்டு' என்பது பல கதைகளில் ஒரு முழுச்சுற்று என்னும் பொருளதே, நாட்காட்டியில் தேடத்தக்கதன்று.

நாட்காட்டியைப் பற்றிப் பேசப் புகுந்தால், இவ்வூருக்குச் செப்டம்பர் ஆகாது என்னும் பேச்சினை விடலாகாது. 1687 செப்டம்பர் 21-இல் கோல்கொண்டா அவுரங்கசீப்பிடம் வீழ்ந்தது. 1908 செப்டம்பர் 28-இல் மூசியாறு பெருகி நகரை அழித்தது. 1948 செப்டம்பர் 17-இல் நிஜாம் அரசு பணிந்தது. மூன்றும் ஒரே மாதமாயிற்றே என்பர். முதலாவதைச் சற்றே சோதித்துப் பார்ப்போம். எட்டு மாத முற்றுகைக்குப் பின், உள்ளிருந்த ஒருவனின் துரோகத்தால் கதவு திறக்கப்பட்ட அந்நாள், ஆங்கிலேயர் அன்று கையாண்ட பழைய நாட்காட்டியில்தான் செப்டம்பர் 21. இன்று நாம் கையாளும் கிரெகோரி நாட்காட்டிக்கு மாற்றினால் பத்து நாள் கூடி, அக்டோபர் முதல் நாள் ஆகிறது. செப்டம்பர் மூன்றில் ஒன்று அங்கேயே உதிர்ந்துவிட்டது.

இரண்டாவதற்கு மழையே காரணம். தென்மேற்குப் பருவத்தின் கடைக்கூறு தக்காணத்தில் கொட்டுவது அம்மாதத்தில்தான். வெள்ளம் செப்டம்பரில் வாராது சித்திரையிலா வரும்? பதினைந்தாயிரம் பேர் மாண்டதாகக் கூறப்படும் அவ்வழிவில், இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்திலுள்ள புளியமரத்தில் ஏறியவர் நூற்றைம்பது பேர் உயிர்தப்பினர் என்பர். அதன் பின்னரே விசுவேசுவரய்யா அழைக்கப்பட்டு அவர் வகுத்த திட்டத்தால் உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் எழுந்தன. நாளின் தீமையை நம்பி வாளாவிராமல், ஆற்றின் நீரை அளந்தமையால் விளைந்த பயன் அது.

செப்டம்பர் 17 இவ்வூரில் இன்றும் ஆறாத நாள். 13-இல் இந்தியப் படை நுழைந்தது. 17 மாலை நிஜாம் வானொலியில் போர்நிறுத்தம் அறிவித்தார். தளபதி எல் எத்ரூஸ் ஜெனரல் சௌதுரியிடம் முறைப்படி சரணடைந்தது 18-இல். அதனை மைய அரசு 2022 முதல் விடுதலை நாள் என்கிறது. அவ்வாண்டு மாநில அரசு தேசிய ஒருமைப்பாட்டு நாள் என்றது. அடுத்து வந்த அரசு 2024-இல் மக்களாட்சி நாள் என்னும் பொருளில் வேறு பெயரிட்டது. ரசாக்கர்களின் கொடுமையால் ஊரைவிட்டு ஓடிய குடும்பங்கள் உண்டு. படை நடவடிக்கையின்போதும் அதன் பின்னும் மாண்டவர் 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என்று சுந்தர்லால் குழு மதிப்பிட்டது. அவ்வறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வந்ததே 2013-இல்தான். ஒரே வீதியில் இருவேறு வீடுகள் அந்நாளை இருவேறு வகையில் நினைப்பதை, இங்கு வாழவந்த நாம் அறிந்திருத்தல் நன்று. தமிழகத்தில் அதே செப்டம்பர் 17 பெரியார் பிறந்த நாள். அவர் பிறந்தது 1879-இல். இவ்விரண்டையும் இணைத்து ஏதோ மறைபொருள் காண்பாரும் இருக்கலாம். ஓர் அறையில் 23 பேர் கூடினாலே, அவருள் இருவர்க்கு ஒரே பிறந்த நாள் அமையும் வாய்ப்புச் சரிபாதிக்கு மேல் என்பது கணித நூலார் முடிவு. நம் குடியிருப்பில் எவரும் இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

பிறர் எண்களை இவ்வளவு துருவிய நாம், நம் சங்கத்தின் பெயருக்கே மூலமான எண்களை மட்டும் விட்டுவிடுதல் நடுவுநிலையாகாது. இறையனார் அகப்பொருள் உரை முச்சங்க வரலாற்றைக் கூறுகிறது. முதற்சங்கம் 4440 ஆண்டு, அரசர் 89; இடைச்சங்கம் 3700 ஆண்டு, அரசர் 59; கடைச்சங்கம் 1850 ஆண்டு, அரசர் 49. ஆண்டு விழாதோறும் மேடையில் முழங்கும் எண்கள் இவை. இவற்றை 37-ஆல் வகுத்துப் பார்க்க. 4440 என்பது 37-இன் 120 மடங்கு. 3700 நூறு மடங்கு. 1850 ஐம்பது மடங்கு. மூன்றும் சேர்ந்து 9990. பதினாயிரத்துக்குப் பத்துக் குறைவு. இயல்பாக நடந்து முடிந்த மூன்று காலங்கள் இவ்வாறு ஒரே எண்ணின் மடங்குகளாக வந்து அமையமாட்டா. நியூட்டனின் கோலை வைத்தாலோ, முதற்சங்கத்து அரசர் ஒவ்வொருவரும் சராசரி 50 ஆண்டும், இடைச்சங்கத்தார் 62 ஆண்டுக்கு மேலும் ஆண்டிருத்தல் வேண்டும்! நிஜாமின் ஏழை ஐயுற்றவர் இதனை மட்டும் ஐயுறாதிருப்பது எங்ஙனம்?

இதனால் சங்கத் தமிழுக்கு ஒரு குறைவும் இல்லை. எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் கையில் உள்ளன; பாடல்கள் 2381, பெயர் தெரிந்த புலவர் 473 எனக் கணக்கிட்டுள்ளனர். கடைச்சங்கத்தில் பாடினோர் 449 என்று உரை கூறுவது இதற்கு அணித்தே வருகிறது. அந்த ஓர் எண் ஏதோ ஒரு பழைய நினைவை ஒட்டி வந்திருக்கலாம் என்று எமக்குத் தோன்றுகிறது. பதிற்றுப்பத்துச் சேரர் பெயர்கள் கரூரை அடுத்த புகழூர்க் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. கல்லும் பாட்டும் இருக்க, 9990-ஐ ஊன்றுகோலாகக் கொள்ளும் தேவை நமக்கு இல்லை.

மீண்டும் விடுபட்டோரிடம் வருவோம். இரண்டாம் நிஜாம் முதல் ஆறாம் நிஜாம் வரை ஐவரும் மக்கா மசூதியில் வரிசையாக அடக்கமாகியுள்ளனர். ஏழாமவர் கிங் கோட்டிக்கு எதிரேயுள்ள ஜூதி மசூதியில். ஐதராபாத்தைப் பார்க்க வருவோர் கண்ணில் படுவன இவையே. முதல் நிஜாமைக் காண வேண்டுவோர் அவுரங்காபாத்தை அடுத்த குல்தாபாத்துக்குச் செல்லுதல் வேண்டும். அவர் பக்கத்தில் உறங்குபவர், செஞ்சியருகே மாண்டு, எண்ணிக்கையில் சேராது போன மகன் நாசிர் ஜங். ஏழு கல்லறைகளில் இடம்பெறாத எட்டாம் குதுப்ஷாகி அரசர் தானா ஷாவின் கல்லறையும் அதே குல்தாபாத்தில் உள்ளது. அவரைச் சிறைப்பிடித்த அவுரங்கசீப்பின் கல்லறையும் அங்கேயே, நடந்து செல்லும் தொலைவில் உள்ளது.